கறுப்புப் பெயின்ட் அடித்த கொக்கி

என் பட்டறையில் செய்த கேட்டுகள் இந்த ஊரில் நானூறுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூட இதுவரை யார் காலிலும் விழுந்ததில்லை. இதைக் கல்யாண வீட்டிலும் சொல்லுவேன், துக்க வீட்டிலும் சொல்லுவேன். நான் வாயைத் திறந்ததுமே என் மனைவி, "ஆரம்பிச்சுட்டாரு" என்று எழுந்து போய்விடுவாள். ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. கேட்டை யாரும் வண்டியில் கட்டி இழுப்பதில்லை. திறப்பார்கள், மூடுவார்கள், அதில் சாய்ந்துகொண்டு எதிர்வீட்டைப் பற்றி வம்பு பேசுவார்கள். அதற்குமேல் அதற்கு ஒரு சோதனையும் கிடையாது.

என் தங்கச்சி வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். ஒரு சின்ன அறையில், மேசை விளக்கின் கீழே, முகம் தெரியாத யார் யாருடைய பற்களையோ வரிசையாக வைத்துக்கொண்டு மெழுகு சுரண்டிக்கொண்டிருப்பார். அரை மில்லிமீட்டர் தப்பினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்ட மனுஷனுக்கு நாற்பத்திரண்டு வயதில் காடு மேடெல்லாம் ஏறும் ஆசை வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றைப் பழசாக வாங்கி வந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"மச்சான், கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு. இத மலை ஏறுற மாதிரி மாத்தணும். ஆனா கையக் கடிக்காம."

"அதுக்குத்தானே நான் இருக்கேன் மாப்ளே," என்றேன்.

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. என் உடம்பிலேயே காலையில் முதலில் எழுந்திருப்பதும் ராத்திரி கடைசியில் படுப்பதும் என் வாய்தான்.

மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டிக்கே போயின. யாரோ கழற்றிப் போட்ட, முக்கால்வாசி உயிரோடிருந்த முரட்டு டயர்கள் நாலைத் தேடிப் பிடித்தோம். ஸ்பிரிங்குகளின் மேல் வைக்கத் தடித்த வளையங்கள் கடைந்து வாங்கி, வண்டியை இரண்டு விரற்கடை உயர்த்தினோம். இன்ஜினின் அடியில் கல் இடிக்காமலிருக்க, ஒரு கிடங்குக் கதவுக்கு வாங்கி மிச்சமான தடித்த தகட்டை வளைத்துப் பூட்டினேன். மேலே சாமான் ஏற்றும் கேரியர் பழைய ஜன்னல் கம்பியில் செய்தது. சேற்றில் சக்கரம் சுற்றினால் அடியில் போட இரண்டு ஓட்டைத் தகடுகளும் செய்தேன். இதெல்லாம் நல்ல வேலை. இன்றைக்கும் அடித்துச் சொல்லுவேன்.

கடைசியில் மிஞ்சியது கொக்கி. வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால் இழுக்க முன்பக்கம் கம்பெனிக்காரனே ஒன்று வைத்திருந்தான். பின்பக்கம் எதுவும் இல்லை. பின்பக்கம் ஒன்று இருந்தால்தான் நாம் முன்னால் நின்று இன்னொரு வண்டியை இழுத்துவிட முடியும். கடையில் விற்பது தடித்த போல்ட்டுகளோடு, இத்தனை டன் தாங்கும் என்று முத்திரை குத்தி வருகிறது. அதன் விலையைக் கேட்டதும் மாப்பிள்ளை, தன் கடைவாய்ப் பல்லையே யாரோ பிடுங்க வந்தது மாதிரி தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கொக்கிக்குப் போய் இவ்வளவு அழுவாங்களா? விடுங்க மாப்ளே, நான் பண்ணித் தர்றேன்."

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே வெல்டிங் வைப்பது என்பது கேட்டு வேலை மாதிரி இல்லை. தீப்பொறி எல்லாம் காலருக்குள் விழும். முதலில் வண்டியின் அடிச்சட்டமான சேஸ் இரும்பை, பெயின்டும் கிரீஸும் போக, பளபளவென்று வெள்ளையாகத் தேய்க்க வேண்டும். அன்றைக்கு கிரைண்டர் தகடு தேய்ந்துபோயிருந்தது. புதுத் தகடு வாங்க எழுந்து போக வேண்டும். வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டு இரண்டு தடவை ஆகியிருந்தது. நான் உப்புத்தாளால் ஒப்புக்கு நாலு இழு இழுத்துவிட்டு வெல்டிங் ராடை வைத்தேன்.

நல்ல வெல்டிங்கின் சத்தம் எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரே சீராக இருக்கும். அன்றைக்கு அது காறித் துப்புகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. உள்ளே பிடிக்கவில்லை, மேலே மட்டும் படிந்து நிற்கிறது என்று முப்பது வருஷம் ராடு பிடித்த கைக்குத் தெரியாதா? தெரிந்தது. அதன் மேலேயே இன்னொரு வரிசை அழகாக ஓட்டினேன். கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு. வெளியே வந்து பார்த்தபோது, மாப்பிள்ளை செய்கிற முன்பல் மாதிரி கச்சிதமாக இருந்தது.

"தாங்குமா மச்சான்?"

"உங்க வண்டி ரெண்டாப் பிஞ்சாலும் கொக்கி அப்படியே நிக்கும்."

இரண்டாவது தடவையும் கேட்டார். அவர் தொழில் அப்படி. நான் இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக.

மலைக்குப் போனது இரண்டு வண்டியில், நாலு பேர். முன்னால் எங்கள் வண்டி. பின்னால் மாப்பிள்ளையின் நண்பர், பேக்கரி நடத்துகிறவர், தன் வண்டியில் வந்தார். எங்கள் வண்டியின் பின்சீட்டில் கூடாரமும் ஸ்டவ்வும் தகடுகளும் தண்ணீர் கேன்களும் அடைத்திருந்ததால், தங்கச்சி பேக்கரிக்காரரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். முன்சீட்டை "சீஃப் இன்ஜினியருக்கு" என்று சொல்லி எனக்குக் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி வரவில்லை. "உங்க பெருமைய மலை மேலயும் வந்து கேக்கணுமா?" என்று வாசலோடு நின்றுவிட்டாள்.

பேக்கரிக்காரர் சிரித்த முகம். விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைகிறவர்களுக்கு அந்த முகம் எப்படி வருகிறதோ தெரியவில்லை. என்னை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறார். பார்த்த உடனே அண்ணே என்றார். என் தங்கச்சி அவரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், அதனால் எங்களுக்குள் அது சுலபமாக ஒட்டிக்கொண்டது.

ஏற்றம் தொடங்கியதும் ஒரு பாறை அடியில் 'டங்' என்று இடித்தது. தகடு தாங்கியது. மாப்பிள்ளை என் தொடையில் தட்டினார். இன்னொரு 'டங்', இன்னொரு தட்டு. நாலாவது இடிக்கு நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்வண்டிக்குக் கையைக் காட்டினேன். நடுவில் நிறுத்தி டீ குடித்தபோது பேக்கரிக்காரர் எங்கள் வண்டியின் பின்னால் குனிந்து கொக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல யானையவே கட்டலாம்போல."

"கட்டலாம். யானைதான் பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைவிட என் தங்கச்சி அதிகம் சிரித்தாள். அவளுக்கு என்மேல் எப்போதும் பெருமை உண்டு.

மத்தியானம் ஒரு ஓடை குறுக்கே வந்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. ஆனால் மேல்மலையின் தலையில் வானம் கரிச்சட்டி போலக் கறுத்திருந்தது. பேக்கரிக்காரர் இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"மேல பெய்யுது. தண்ணி வர்றதுக்குள்ள சட்டுன்னு தாண்டிடலாம்."

நாங்கள் தாண்டினோம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அக்கரை ஏறியது. அங்கே பாதை ஒரு வண்டி அகலம்தான். இடதுபக்கம் பாறை, வலதுபக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே அதே ஓடை வளைந்து போனது. ஏறி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பேக்கரிக்காரரின் வண்டி நடு ஓடையில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முன்சக்கரம் எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஒரு குழியில் இறங்கியிருந்தது. பின்சக்கரம் சும்மா சுற்றியது.

முதலில் யாரும் பயப்படவில்லை. தங்கச்சி ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் தகடுகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவற்றைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளக் குனிந்தபோதுதான், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தெரிந்த கூழாங்கற்கள் தெரியவில்லை என்று கவனித்தேன். தண்ணீர் காபித்தண்ணி நிறமாக ஆகியிருந்தது. என் முழங்காலைத் தொட்டது. கையிலிருந்த தகட்டை அது இழுத்துக்கொண்டு போனது. நான் பிடிக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

"மச்சான், மேல வாங்க! இழுத்துடலாம்!"

மாப்பிள்ளையின் குரலில் பயம் இல்லை, குஷிதான் இருந்தது. மூன்று மாதமாக அவர் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்குத்தான். உறை பிரிக்காத புது பெல்ட்டை எடுத்தார். அது சாதாரணக் கயிறு இல்லை, ரப்பர் மாதிரி நீண்டு, வெடுக்கென்று சுருங்கி இழுக்கிற வகை. ஒரு முனையைப் பேக்கரிக்காரரின் முன்கொக்கியில் மாட்டச் சொன்னார். நான்தான் மாட்டினேன். மறுமுனையை என் கொக்கியில் அவரே மாட்டினார். பெல்ட் அறுந்தால் துள்ளாமலிருக்க அதன் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டார். இதெல்லாம் படம் பார்த்துக் கற்றுக்கொண்டது. மனுஷன் எதையும் ஒழுங்காகத்தான் செய்வார்.

அந்தச் சாக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக ஒரு கேள்வி எழுந்தது. சாக்கு பெல்ட்டை அமுக்கும். இரண்டு கிலோ இரும்பை அமுக்குமா?

மாப்பிள்ளை வண்டியை மெல்ல நகர்த்தினார். பெல்ட் நிமிர்ந்து கம்பி போல ஆனது. நான் பக்கத்தில், கொக்கிக்கு நாலடி தள்ளி நின்றேன். இன்ஜின் உறுமியது, டயர் கல்லைக் கீறியது, பின்வண்டி அசையவே இல்லை. அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ஓடை இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. குனிந்து பார்த்தேன். வெல்டிங்கின் ஓரமாக, கறுப்புப் பெயின்டில், தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.

மாப்பிள்ளை வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"மெதுவா இழுத்தா வராது மச்சான். கொஞ்சம் பின்னால வந்து, பெல்ட்டத் தொங்க விட்டு, ஓடி இழுக்கணும். அதுக்குத்தான் இந்த பெல்ட்டே."

ஓடி இழுத்தால் என்ன ஆகும் என்று அந்தக் கோட்டைப் பார்த்த எனக்குத்தான் தெரியும். கொக்கி சேஸை விட்டு வரும். நீண்டு நிற்கிற பெல்ட் அதை உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி பின்னால் வீசும். எங்கே வீசும் என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். பெல்ட் நேராகப் போய் முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகங்கள். ஒன்று பேக்கரிக்காரர். இன்னொன்று என் தங்கச்சி.

சொல்லிவிட வேண்டியதுதானே? நாலே வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால், அன்றைக்கே தெரியுமா என்று கேட்பார்கள். இரண்டு தடவை கேட்டேனே மச்சான் என்பார். நானூறு கேட்டுகளும் ஒரே நேரத்தில் என் தலையில் விழும். இப்படியெல்லாம் அந்த நேரத்தில் ஒருத்தன் யோசிப்பானா என்று கேட்டால், யோசித்தேன். உயிர் போகிற இடத்தில் நின்றுகொண்டு மானத்தைக் கணக்குப் பார்த்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. அது வந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

"மாப்ளே, ஒரு நிமிஷம்! தங்கச்சிய இறக்கிட்டு வந்துடறேன். வண்டி வெயிட்டு கொஞ்சம் குறையட்டும்."

அவள் என்ன பெரிய எடை? ஒரு மூட்டை சிமென்ட் தேறமாட்டாள். ஆனால் மாப்பிள்ளை தலையாட்டினார்.

தண்ணீர் என் தொடைக்கு வந்திருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. ஒவ்வொரு அடியும் கால் தரையைத் தேடித்தான் வைத்தேன். அவளுடைய கதவைத் திறக்கத் தண்ணீர் விடவில்லை, ஜன்னல் வழியாக இழுத்து எடுத்தேன். என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் உள்ளே இருந்து அவள் காலைத் தூக்கிக் கொடுத்தார்.

"நல்ல யோசனை அண்ணே. பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க. நான் ஸ்டியரிங்கப் பாத்துக்கறேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கையை மட்டும் பார்த்தேன். நகக்கண்ணில் மாவு ஒட்டியிருந்தது.

கரை ஏறியதும் நான் நிற்கவில்லை. தங்கச்சியை இழுத்துக்கொண்டு போய், பெல்ட்டின் திசையை விட்டு வெகு தூரம் தள்ளி, ஆளுயரப் பாறை ஒன்றின் மறைவில் நிறுத்தினேன்.

"இங்க எதுக்குண்ணா? இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே."

"சும்மா இரு. இங்கயே நில்லு."

"உன் கை ஏன் இப்படி நடுங்குது?"

"தண்ணி சில்லுன்னு இருக்கு."

அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பாறைக்கு வெளியே எட்டி, வண்டியின் பின்பக்கத்தையும், பெல்ட்டையும், அது போய் முடிகிற கண்ணாடியையும் பார்த்தாள். ஒன்பது வயதில் நான் வீட்டுக் கடிகாரத்தை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டபோது என்னைப் பார்த்தவள் அவள்தான்.

"அண்ணா. கொக்கி சரியில்லையா?"

நான் ஓடைப் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

"சொல்லுண்ணா."

"விரிசல் விட்டிருக்கு. ஒருவேளை தாங்கும். தாங்கினாலும் தாங்கும்."

"அப்ப பேக்கரி அண்ணன்?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது."

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னா, எனக்கு மட்டும் என்ன ஆகும்னு என்னைய இறக்குன?"

மாப்பிள்ளை வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பெல்ட் தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. அவர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தி, தயாரா என்று சைகை காட்டினார். ஓடையிலிருந்து பேக்கரிக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"போய்ச் சொல்லு," என்றாள் தங்கச்சி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம்.

"சொன்னா மாப்ள என்ன நினைப்பாரு... வேற எப்படி இழுக்கறது..."

"நீ சொல்றியா, நான் திரும்பப் போய் உக்காரட்டுமா? அவரையும் நான் அண்ணேன்னுதான் கூப்பிடறேன்."

நான் நகரவில்லை. அவள் மூன்று எண்ணும் நேரம் பார்த்தாள். பிறகு செருப்பை உதறிவிட்டு ஓடையை நோக்கி நடந்தாள். தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, ஒரு அடி தடுமாறி வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மூன்று எண்ணி இழுப்பதற்காக விரல்களை நீட்டத் தொடங்கி, இரண்டாவதைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்வை முன்னால் பாதையில் இருந்தது. பின்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

அப்புறம் நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். வழியில் ஒரு முறை விழுந்தேன், முழங்கை கிழிந்தது, அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளையின் கதவில் இரண்டு கையாலும் அறைந்தேன்.

"இழுக்காதீங்க! இழுக்காதீங்க மாப்ளே! கொக்கி பிடிக்கல! உள்ள பிடிக்கவே இல்ல! எனக்குத் தெரியும், போட்ட அன்னைக்கே தெரியும்!"

வண்டி குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டதால் என் கடைசி வார்த்தைகள் மலை முழுக்கக் கேட்டன. ஓடையில் நின்ற வண்டிக்கும் கேட்டிருக்கும்.

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். அச்சு எடுத்த பல் கடைசி நிமிஷத்தில் விரிசல் விட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"போட்ட அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்."

"நான் ரெண்டு தடவ கேட்டேன்."

"ஆமா."

அவ்வளவுதான் பேசினார். பேச நேரமும் இல்லை, தண்ணீர் பேக்கரிக்காரரின் ஹெட்லைட்டைத் தொட்டுவிட்டது. இறங்கி வந்து பெல்ட்டைக் கழற்றினார். அந்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை வருடிப் பார்த்தார். பிறகு பாதையை மேலும் கீழும் அளந்தார். முன்பக்கத்துக் கம்பெனிக் கொக்கியில் மாட்டி, ரிவர்ஸில் இழுக்கலாம். ஆனால் அதற்கு வண்டி முகத்தைத் திருப்பி ஓடையைப் பார்க்க வேண்டும். ஒரு வண்டி அகலப் பாதையில் வண்டியைத் திருப்ப வேண்டும்.

"நான் பின்னால நின்னு பாத்துச் சொல்றேன் மாப்ளே," என்றேன்.

"வேணாம். அவள வரச் சொல்லுங்க."

தங்கச்சி சொட்டச் சொட்ட வந்து சரிவின் ஓரத்தில் நின்றாள். எனக்குக் கிடைத்த வேலை, வண்டி ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பின்சக்கரத்துக்கு முட்டுக் கல் வைப்பது. முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம். பாறையில் முன்பம்பர் உரசியது. பின்சக்கரம் ஓரத்துக்கு வந்தபோது அதன் கீழிருந்து மண் பெயர்ந்து சரிவில் உருண்டது. கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தத்தைக் கேட்டேன். நான் முட்டுக் கல்லோடு அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தேன். வண்டி போனால் நானும் போவேன். அந்தப் பயத்தில் ஒரு சுகம்கூட இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இந்தப் பயத்தை யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

"போதும்! நில்லுங்க! இன்னும் ரெண்டு விரல்தான் இருக்கு!" என்று தங்கச்சி கத்தினாள். ஏழெட்டுத் தடவை அப்படிக் கத்தினாள். ஒவ்வொரு தடவையும் நான் கல்லைச் சக்கரத்தடியில் திணித்தேன். ஒருவழியாக வண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்குள் பேக்கரிக்காரர் காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. உதடு ஏதோ முணுமுணுத்தது. நான் பெல்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினேன். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை பெல்ட்டைத் தொங்கவிட்டு, ரிவர்ஸில் ஏற்றத்தை நோக்கி ஓட்டினார். பெல்ட் நீண்டது. வெடுக்கென்று ஒரு இழுப்பு. பேக்கரிக்காரரின் வண்டி ஒரு முறை மூக்கைத் தூக்கிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தது. இரண்டாவது இழுப்பில் குழியை விட்டு எழுந்து, கதவிடுக்கெல்லாம் தண்ணீர் கொட்ட, கரையில் வந்து நின்றது. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. மாப்பிள்ளை வண்டியை அணைத்துவிட்டு, டூல்ஸ் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். என் கொக்கியை அடித்தார். ஓர் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் அது சேற்றில் 'சொத்' என்று விழுந்தது. சுத்தியலைப் பிடித்துப் பழகாத, மெழுகு சுரண்டுகிற கையால் மூன்றே அடி. கொக்கி இருந்த இடத்தைப் பார்த்தேன். உருகிச் சேர்ந்திருக்க வேண்டிய சேஸ் இரும்பில், கம்பெனிக்காரன் அடித்த பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. பாதிக்கு மேல் அப்படியே.

பேக்கரிக்காரர் வந்து அதைக் குனிந்து எடுத்தார். மாவு உருண்டையை நிறுத்துப் பார்ப்பது போல உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமாண்ணே?"

"கேளுங்க."

"தங்கச்சிய இறக்குனீங்களே. அப்பவே தெரியுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கோபமாகச் சொல்லியிருப்பேன். வழி தெரியாத ஊரில் வழி கேட்பது போலத்தான் கேட்டார். இறக்கிவிட்ட பிறகுதான் விரிசலைப் பார்த்தேன் என்று சொல்லலாம். நல்ல பொய். நாக்கு நுனிக்கு வந்து, பெயின்ட் எல்லாம் அடித்துக்கொண்டு தயாராக நின்றது. தங்கச்சி எனக்கு முதுகைக் காட்டிப் புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிவதை நிறுத்தியிருந்தாள்.

"தெரியும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு கொக்கியை என் கையில் கொடுத்தார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கண்ணே," என்று மட்டும் சொன்னார்.

காலையிலிருந்து எத்தனையோ பயந்திருந்தேன். தண்ணீருக்கு, சரிவுக்கு, மாப்பிள்ளையின் கேள்விக்கு. அதெல்லாம் வெளியே இருந்து வந்த பயம், முடிந்ததும் போய்விட்டது. அந்த இரும்பைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோது என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருந்தது. அது இன்னும் போகவில்லை.

மாப்பிள்ளை கூடாரத்தையும் ஸ்டவ்வையும் கேரியரில் ஏற்றிக் கட்டிவிட்டு, பின்சீட்டில் தங்கச்சிக்கு உலர்ந்த இடம் ஒதுக்கினார். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பேக்கரிக்காரரின் வண்டிக் கதவைத் திறந்து, தண்ணீர் ஊறிக் கிடந்த முன்சீட்டில், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.